படம் பார்த்துக்கொண்டே சொன்ன ‘ம்’

ஆட்கள் வருவதற்கு மூன்று வாரம் முன்பே பெட்டி வந்துவிட்டது. மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து லாரியில் வந்து, காரைக்காலுக்குப் பக்கத்தில் பூவத்தில் எங்கள் வாசலில் இறங்கியது. நான்கு பேர் பிடித்து உள்ளே கொண்டுவந்து கூடத்தில் வைத்தார்கள். பலகை அடித்த பெட்டி. மேலே பிரெஞ்சில் ஏதோ எழுதியிருந்தது. அண்ணன் வந்துதான் பிரிக்கணும் என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அதனால் மூன்று வாரம் அதைச் சுற்றிச் சுற்றித்தான் நடந்தோம். ராத்திரி எழுந்தால் அது மூலையில் ஆள் குந்தியிருப்பதுபோல இருக்கும். எனக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. எண்பதுகளின் தொடக்கம்.

என் வீட்டுக்காரரின் அண்ணன், எனக்கு மூத்தார், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அங்கேயே இருந்தார். அவருக்குப் பிரெஞ்சு நேஷனாலிட்டி. பிரெஞ்சுக்காரர்கள் போனபோது அது வேண்டும் என்று தம்பி எழுதிக் கொடுக்காமல் இருந்துவிட்டதால் நாங்கள் இந்தியர்கள். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேர் இரண்டு தேசம். எங்கள் பக்கத்தில் அது பெரிய விஷயமில்லை. மூத்தாருக்கும் என் ஓரகத்திக்கும் பிள்ளை இல்லை. எங்களுக்கு இரண்டு பெண்கள். பெரியவளுக்குப் பதினொன்று, சின்னவளுக்கு எட்டு. இதையும் சொல்லிவிட்டால் கதையில் பாதியைச் சொன்ன மாதிரிதான்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். அதிலும் வாத்தியார் எழுப்பிக் கேட்டால் பதில் தெரிந்தாலும் வாய் வராது. நாலு பேர் என்னைப் பார்த்தால் கை எங்கே வைப்பது என்று தெரியாது. கல்யாணத்துக்குப் பிறகு மூத்தார் வீட்டில் இருக்கும்போது கதவுக்குப் பின்னால்தான் நிற்பேன். எங்கள் குடும்பத்தில் மூத்தார் எதிரில் உட்காரக் கூடாது, நேருக்கு நேர் பேசக் கூடாது. மற்றவர்களுக்கு அது கஷ்டம். எனக்குச் சௌகரியமாக இருந்தது. பன்னிரண்டு வருஷத்தில் அவரிடம் நேராக ஒரு சொல் பேசியதில்லை.

அவர்கள் ஆறு மாதம் தங்க வந்தார்கள். வந்த மறுநாளே பெட்டியைப் பிரித்தார்கள். உள்ளே கலர் டெலிவிஷன். பூவத்தில் அதுதான் முதல் டிவி என்று நினைக்கிறேன். தென்னை உயரத்துக்கு இரும்புக் குழாய் நட்டு, அதன் உச்சியில் மீன் முள்போல அலுமினியக் குச்சிகளைக் கட்டி, கடல் பக்கமாகத் திருப்பி வைத்தார்கள். அந்தப் பக்கம்தான் இலங்கை. அங்கிருந்துதான் படம் வரும். கடல் ஆடாமல் அசையாமல் கிடந்து, புழுக்கம் தாங்காத நாட்களில் படம் நன்றாக வரும் என்றார் காரைக்காலிலிருந்து வந்த மெக்கானிக்.

சாயந்தரம் போட்டார்கள். தெருவே கூடத்தில் இருந்தது. இரைச்சல் நின்று உருவம் வந்ததும் முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் பின்னால் நகர்ந்தன.

போட்டோக் கடையில் கழுவின பிலிமைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தால் எப்படி இருக்கும், அப்படி. மனிதர்களுக்குத் தலைமுடி வெள்ளை, முகம் கறுப்பு, பல் கறுப்பு. கண்ணில் வெள்ளை இருக்க வேண்டிய இடம் இருட்டாகவும் நடுவில் மணி வெளுப்பாகவும் இருந்தது. வாய் அசைந்தது, சத்தம் இல்லை. திடீரென்று ஒரு தலை மேலே ஏறிப் போய்விடும், கீழேயிருந்து கால் வரும்.

“பேயி, பேயி” என்று ஒரு பிள்ளை அழுதது.

மெக்கானிக் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். “இது அந்த ஊரு செட்டுங்க. அங்க அனுப்புற விதம் வேற, இங்க அனுப்புற விதம் வேற. கழட்டி உள்ள மாத்துனாத்தான் சரியா வரும். மாத்துனாலும் எப்படி வரும்னு சொல்ல முடியாது.”

“பிரான்சு சாமான்ல நீ கைய வைக்காத தம்பி” என்றார் மூத்தார். “நான் எழுதிப் போடுறேன். அதுக்கு உண்டான பார்ட்டு அங்கேருந்து வரும்.”

அந்த ஊரில் வாங்கினது இந்த ஊரில் ஓடும் என்று நினைத்து பிரான்சில் சொந்தம் இருக்கும் எத்தனையோ வீடுகளில் அப்போது அப்படி ஏமாந்தார்கள். மற்றவர்கள் மூட்டை கட்டிப் பரணில் போட்டார்கள். எங்கள் வீட்டில் மட்டும் பார்ட்டு வரும்வரை இப்படியே பார்ப்பது என்று ஆனது.

பார்த்தோம். இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. சத்தமில்லாத, முகம் தெரியாத அந்தப் பெட்டியை ஐந்தரை மணிக்குப் போட்டால் அது ஓயும்வரை பார்த்தோம். தெளிவாகத் தெரிந்திருந்தால்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டோமோ என்னவோ. யார் ஆண், யார் பெண், சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கண்டுபிடிக்க வேண்டும். இதோ இப்போது தெரிந்துவிடும், இதோ இப்போது சரியாகிவிடும் என்று இருக்கும். பக்கத்து வீட்டு அக்கா, “இவ அவன் பொண்டாட்டிடி” என்பாள். இன்னொருத்தி, “ஏன், மாமியாளா இருக்கக் கூடாதா? தலையப் பாரு, நரைச்சிருக்கு” என்பாள். “எல்லாருக்குந்தான் நரைச்சிருக்கு. அந்தக் கைப்புள்ளைக்குங்கூட நரைச்சிருக்கு பாரு” என்று சிரிப்பார்கள். கொஞ்ச நாளில் அந்தப் பேச்சும் நின்றது. எல்லோரும் வாயைத் திறந்துகொண்டு பார்ப்பதோடு சரி.

எனக்கு அந்தப் பெட்டி பிடித்துப் போனதற்குக் காரணம் வேறு. அதற்கு முன்னால் இருந்தால் என்னை யாரும் பார்ப்பதில்லை. மூத்தார் நாற்காலியில் இருப்பார், நான் அதே கூடத்தில் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அவர் எதிரில் உட்காருகிறேனே என்று யாரும் கேட்கவில்லை. யார் கண்ணும் என் பக்கம் வரவில்லை. பிறந்ததிலிருந்து தூக்கிச் சுமந்த ஒரு பாரத்தை இறக்கி வைத்தது மாதிரி இருந்தது. அதனால் மற்றவர்களைவிட நான்தான் அதிகமாகப் பார்த்தேன். உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, அடிப்பிடித்த வாடை வந்த பிறகு எழுந்து போன நாட்கள் உண்டு. பால் பொங்கி அடுப்பு அணைந்திருக்கும். அதற்கும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தீய்ந்த சோற்றைத் தட்டில் பார்த்தால்தானே சொல்வார்கள்.

அப்படி ஒரு சாயந்தரம். கடல் பக்கம் காற்றே இல்லை. படம் மற்ற நாளைவிடத் தெளிவாக இருந்தது. ஒரு பெண் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், உதடு அசைகிறது. பாடுகிறாளா, யாரையாவது கூப்பிடுகிறாளா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூத்தார் திரும்பாமலேயே என் வீட்டுக்காரரிடம் பேசினார். “சின்னவள நாங்க அழச்சிக்கிட்டுப் போறோம்டா. எங்க புள்ளையா எழுதிக்கிறோம். அங்க படிக்கட்டும். உனக்குப் பெரியவ இருக்கா. உன் பொண்டாட்டி என்ன சொல்றா?”

என் வீட்டுக்காரரும் திரும்பவில்லை. “என்ன புள்ள, சரிதானே?”

“ம்” என்றேன்.

காதில் விழவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். விழுந்தது. ஒவ்வொரு சொல்லும் விழுந்தது. உள்ளே இறங்கவில்லை. அந்தப் பெண்ணின் வாயிலிருந்து கண்ணை எடுத்தால் அவள் என்ன சொல்கிறாள் என்பது தெரியாமல் போய்விடும் என்று இருந்தது. ஒரு ‘ம்’ சொன்னால் என்னை விட்டுவிடுவார்கள். சொன்னேன், விட்டுவிட்டார்கள். சின்னவள் எனக்கு முன்னால், கைக்கு எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் முதுகைத்தான் பார்க்க முடிந்தது. அவள் திரும்பினாளா என்று எனக்குத் தெரியாது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் என் கண்ணெதிரேதான் நடந்தது. ஓரகத்தி ஒரு நூலை எடுத்து சின்னவள் பாதத்தை அளந்தாள். வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிறுத்தி, இரண்டு காதும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்தார்கள். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசிலிருந்து பிறப்புச் சீட்டுக்கு நகல் வந்தது. தோசையை முள்கரண்டியால் பிட்டுத் தின்னச் சொல்லிக் கொடுத்தார்கள். அதைப் பார்த்து நான் சிரித்தேன்கூட. விளையாட்டு என்று நினைத்தேன் என்று சொல்லலாம். உண்மையில் நான் ஒன்றும் நினைக்கவில்லை. நினைப்பதற்கு வேண்டிய இடத்தை அந்தப் பெட்டி எடுத்துக்கொண்டிருந்தது. பகலில் வேலை செய்யும்போதும் அந்த வெள்ளை மணிக்கண்கள் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும்.

ஒரு திங்கட்கிழமை காலை, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பத் தலை பின்னிவிட சின்னவளை உட்கார வைத்தேன். எண்ணெய் தொட்டுக்கொண்டு கையைப் பின்னால் கொண்டுபோனேன். பின்னல் இல்லை. கழுத்தோடு வெட்டியிருந்தது. கை வெறும் கழுத்தில் பட்டது.

“யாருடி வெட்டுனது?”

“பெரியம்மா.”

“எப்ப?”

“சனிக்கிழம.”

சனிக்கிழமை ராத்திரி நான் அவளுக்குச் சோறு போட்டேன். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவள் வீட்டில்தான் இருந்தாள். இரண்டு நாள் என் பிள்ளைக்குத் தலைமுடி இல்லாதது எனக்குத் தெரியவில்லை.

ஓரகத்தி சமையல்கட்டு வாசலில் நின்று சொன்னாள், “அங்க குளிருக்கு நீள முடி காயாது. அதான். நீயே சொல்லியிருப்பே, நான் முந்திக்கிட்டேன்.”

என் வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மாட்டுக் கொட்டகைப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்க் கேட்டேன்.

“வியாழக்கிழம நொத்தேர்கிட்ட போவணும்” என்றார். நொத்தேர் என்றால் பத்திரம் எழுதிப் பதிகிறவர், பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப் போன பேர். “நீயும் கையெழுத்துப் போடணும். சொல்லணும்னே இருந்தேன்.”

“எதுக்கு?”

“எதுக்கா? புள்ளைய எழுதிக் குடுக்க. நீதானே சரின்னே.”

“எப்பங்க?”

“அண்ணன் கேட்டப்ப. டிவி ஓடிக்கிட்டு இருந்திச்சே.”

எனக்கு அந்த ஜன்னல் பெண் ஞாபகம் வந்தாள். பிறகுதான் அந்தக் கேள்வி ஞாபகம் வந்தது.

“நீங்க எப்படிங்க ஒத்துக்கிட்டீங்க?”

அவர் மாட்டின் முதுகைத் தடவினார். “நீ வேண்டாம்பேன்னு நெனச்சேன். அத வெச்சி அண்ணன்கிட்ட சொல்லிக்கலாம்னு. நீ ம்முன்னுட்டே. பெத்தவளே சரிங்கிறா, நான் என்ன சொல்றதுன்னு விட்டுட்டேன்.”

“என் மூஞ்சியப் பாத்துக் கேட்டிருக்கலாமே.”

“நான் எங்க பாத்தேன்” என்றார். “நானும் படத்தத்தான் பாத்தேன்.”

அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இப்போதுகூட யாராவது வேறு எதையாவது பார்த்துக்கொண்டு என்னிடம் ஒன்று கேட்டால் நான் பதில் சொல்வதில்லை. காது மந்தம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அன்று சாயந்தரம் சின்னவளிடம் கேட்டேன். பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, “உனக்குப் போவ இஷ்டமாடி?” என்றேன். “படம் பாக்கணும்மா” என்றாள். முகவாயைப் பிடித்துத் திருப்பினேன். முகம் திரும்பியது, கண் திரும்பவில்லை. அந்தக் கண்ணுக்குள் சின்னதாக இரண்டு வெளிச்சம் மேலே ஏறி ஏறிப் போய்க்கொண்டிருந்தது. அவளுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. என் பிள்ளைக்குள் வேறு யாரோ குடியிருப்பதுபோல ஒரு பயம் வந்தது. வியாழக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது.

எழுந்து போய்ப் பெட்டியை நிறுத்தினேன்.

“என்னடி, கரண்டு போச்சா?” என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

“இல்லக்கா. நாந்தான் நிறுத்துனேன்.”

“அட, ஊமப் பெட்டிய நிறுத்திட்டு ஊம பேசுதே” என்றது ஒரு குரல். இரண்டு பேர் சிரித்தார்கள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. பெட்டி இல்லாததால் எல்லோருக்கும் பார்க்க நான் ஒருத்திதான் இருந்தேன். பதினைந்து பேரின் கண். முந்தானையை எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை.

“அது உன் பெட்டியா?” என்றாள் ஓரகத்தி. “போடு அத.”

நான் நகரவில்லை. மூத்தார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கதவுக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும் என்று உடம்பு முழுக்கச் சொன்னது. போனால் வியாழக்கிழமை வந்துவிடும்.

“மாமா” என்றேன். அவரை நான் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. “எம் பொண்ண நான் தரமாட்டேங்க. அன்னிக்கி ம்முன்னது தப்பு. படம் பாத்துக்கிட்டு சொல்லிட்டேன்.”

“என்கிட்டயா பேசுறே?”

“ஆமாங்க.”

“ஊரு முன்னாடி சரின்னுட்டு, இப்ப ஊரு முன்னாடி இல்லைங்கிறியா?”

“ஆமாங்க” என்றேன். எனக்கு வேறு சொல் வரவில்லை.

ஓரகத்தி சின்னவளைக் கையைப் பிடித்து எழுப்பினாள். “அவளக் கேப்போம். சொல்லுடி. பெரியம்மாகூட வர்றியா இல்லையா? சொல்லு.”

பெட்டி அணைந்திருந்ததால் சின்னவள் தரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு கறுத்துக் கிடந்த அந்தக் கண்ணாடியைப் பார்த்தாள்.

“நான் போகாட்டி டிவிய எடுத்துக்கிட்டுப் போயிருவீங்களா?” என்று கேட்டாள்.

பிறகு அவளே சொன்னாள்:

“டிவிக்குப் பதிலுதான் என்னை எடுத்துக்கிறீங்கன்னு பள்ளிக்கொடத்துல சொன்னாங்க. அம்மா தெனம் பாக்குறாங்க. அவங்களுக்கு அது புடிச்சிருக்கு. அதான் நான் சரின்னு இருந்தேன்.”

இதை எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. அன்று அழுகைகூட வரவில்லை. கூடத்திலிருந்து ஒவ்வொருவராக எழுந்து செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போன சத்தம் மட்டும் நினைவிருக்கிறது.

மறுநாள் காலையிலேயே அவர்கள் காரைக்காலில் ஓரகத்தியின் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். மூத்தார் என் பக்கம் திரும்பாமல் காரில் ஏறினார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும். ஓரகத்திதான் வாடகைக் காரில் ஏறும்போது என் காதருகே குனிந்து சொன்னாள்: “வியாழக்கிழம பதினோரு மணிக்கு நொத்தேர் காத்துக்கிட்டு இருப்பாரு. அதுக்குள்ள புத்தி வரும் உனக்கு. வராட்டியும் புள்ள எங்க புள்ளதான். போட்டோ இருக்கு, சீட்டு இருக்கு, எல்லாம் எங்ககிட்ட இருக்கு.”

பெட்டியை அவர்கள் எடுத்துப் போகவில்லை. பல நாள் கழித்துத்தான் ஓரகத்தியின் தம்பி வண்டி கொண்டுவந்து ஏற்றிப் போனார். வியாழக்கிழமைக்கு முன் இருந்த இரண்டு சாயந்தரமும் அது கூடத்தில்தான் இருந்தது. பிளக்கைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் சுருட்டிப் போட முடியுமானால் போட்டிருப்பேன். ஒயர் பெட்டியோடு ஒட்டியிருந்தது. ஐந்தரை மணிக்கு ஆட்கள் வந்து எட்டிப் பார்ப்பார்கள். “இன்னிக்குமா இல்ல?” “இல்ல.” “செத்த நேரம்?” “இல்லக்கா.” ஒவ்வொரு தடவையும் காது சுடும். ஆனால் இரண்டாம் நாள் முதல் நாள் அளவுக்குச் சுடவில்லை.

என் வீட்டுக்காரரின் கை தானாகவே அதன் பொத்தான் பக்கம் போகும். நான் பார்ப்பேன், எடுத்துக்கொள்வார். செவ்வாய்க்கிழமை அப்படி எடுத்துக்கொண்டவர், பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அண்ணனிடம் சின்ன வயதிலிருந்தே தனக்கு உள்ள பயத்தைச் சொன்னார். எனக்கு மட்டும்தான் பயம் என்று பன்னிரண்டு வருஷம் நினைத்திருந்தேன். புதன்கிழமை, “நான் மட்டும் போயி நொத்தேர்கிட்ட வரலைன்னு சொல்லிட்டு வந்துர்றேன். நீ வரவேணாம்” என்றார். முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

வியாழக்கிழமை அவர் பஸ் ஏறிப் போனார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். நான் அரிசி களைந்தேன், உலை வைக்கவில்லை. ‘புள்ள எங்க புள்ளதான்’ என்பது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. பத்து மணிக்கு மேல் வீட்டில் இருக்க முடியவில்லை. பூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய், எதிரே பூவரச மரத்தடியில் உட்கார்ந்தேன். வகுப்பு வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அத்தனை மாதம் கழித்து ஒன்றை விடாமல் பார்த்தேன். வாசலில் ஒரு கோழி போனது, வாத்தியார் வெற்றிலை துப்ப வந்தார், வெயில் படி மேல் ஏறியது. எதுவும் தப்பவில்லை.

பன்னிரண்டு மணி இருக்கும். அந்தக் கார் வந்தது. மெதுவாக வந்து, பள்ளிக்கூட வாசலுக்கு நேராக, இஞ்சினை அணைக்காமல் நின்றது. உள்ளே டிரைவருக்குப் பின்னால் ஓரகத்தி மட்டும். கருப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். என்னைப் பார்த்தாளா என்று தெரியவில்லை. சாப்பாட்டு மணி அடித்தது. பிள்ளைகள் ஓடிவந்தன. பெரியவள் ஆறாவதுக்கு வேறு பள்ளிக்கூடம் போய்விட்டதால் இங்கே சின்னவள் மட்டும்தான். குட்டை முடியோடு தனியாகத் தெரிந்தாள்.

கார்க் கதவு திறந்தது. “வாடி” என்ற குரல் எனக்கும் கேட்டது. “பிஸ்கோத்து இருக்கு. ஒரு ரவுண்டு போயிட்டு வந்துரலாம்.”

நான் எழுந்தேன். கூப்பிட வாயெடுத்தேன். ஓடிப்போய் இழுத்துக்கொள்ளலாம், இருபது அடிதான். ஆனால் நான் கூப்பிட்டால் அவள் எனக்காக வருவாள், எனக்காகத்தானே போகவும் இருந்தாள். அவளைக் கேட்டு எப்போது யார் என்ன செய்தோம்? வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் எத்தனையோ தடவை பேசாமல் இருந்திருக்கிறேன். வேண்டுமென்று இருந்தது அன்று ஒரு தடவைதான். அந்தக் கதவு சாத்தியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றுவரை யோசிக்கப் பயம்.

அவள் காரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பையைத் தோளிலிருந்து கழற்றி, என்னிடம் நடந்து வந்து மடியில் வைத்தாள். வைத்துவிட்டுத் திரும்பக் காரிடம் போனாள். கதவைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னாள். உள்ளேயிருந்து ஒரு கை நீண்டது, அவள் தலையைத் தொட்டது, மெதுவாக உள்ளே போனது. அவள் வந்துவிட்டாள்.

“என்னடி சொன்னே?”

“போயிட்டு வாங்கன்னேன்.”

“பிஸ்கோத்து?”

“வேணாம்னுட்டேன்.”

கையைப் பிடித்துக்கொண்டு வரப்பு வழியாக நடந்தோம். பின்னால் கார் நகர்ந்த சத்தம் கேட்கவில்லை. வாய்க்கால் திரும்பும் இடம்வரை அந்த இஞ்சின் ஓடிக்கொண்டேதான் இருந்தது. திரும்பிப் பார்க்காதே என்று நான் அவளிடம் சொல்லவில்லை. அவளாகவே பார்க்கவில்லை.